கதவுப்படி – ஏழு

அந்த ஆபீசிலிருந்து எந்த வரைபடமும் அத்தையின் சிவப்பு பென்சில் படாமல் வெளியே போனதில்லை. அண்ணன் ஒற்றை அறையில் ஒரே மேசையைப் போட்டுக் கட்டட வரைபடத் தொழில் தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான். அண்ணன் வேலை பிடிப்பார், கைகுலுக்குவார், சிரிப்பார். தங்கை கடைசியாகப் பார்ப்பாள். தாளின் வலது கீழ் மூலையில் அவள் சிவப்பு டிக் போட்டால்தான் அது கட்டடம். போடாவிட்டால் வெறும் காகிதம். அந்தக் கடைசிப் பார்வையைத் தவிர அவளுக்கென்று வாழ்க்கையில் பெரிதாக எதுவும் இல்லை. வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

மனிதர்களை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இன்ஜினியர்கள் கால்குலேட்டரைத் தட்டத் தெரிந்த ஜடங்கள். வீடு கட்ட வருகிறவர்கள் குழாய் எங்கே வரும் என்று தெரியாமல் குளியலறைக்கு நிறம் தேடுகிறவர்கள். வரைகிற பையன்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எல்லோரும் அவளை ‘மேடம்’ என்று கூப்பிட்டு, நாலடி தள்ளியே நின்றார்கள். அந்தத் தூரம் அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

அண்ணன் மகளைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வந்தான். வந்த முதல் நாளே, பெண்டாட்டி கூப்பிடுகிற மாதிரி அவனும் வாய் நிறைய “அத்தை” என்றான். ஒரே வாரத்தில் ஆபீசுக்கே அவள் அத்தை ஆகிவிட்டாள். தண்ணீர் கேன் போடுகிறவன்கூட “அத்தை, கேனை எங்க வைக்கட்டும்?” என்றான். இத்தனை பேருக்கு உறவாவதற்கு அவள் யாரிடமும் சம்மதம் சொல்லவில்லை.

மாப்பிள்ளை எதிலோ பட்டம் வாங்கியவன். எதில் என்று அவன் விளக்கும்போதெல்லாம் அத்தைக்குக் கொட்டாவி வரும். கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன் தொங்கும். ‘நேரத்தை மிச்சப்படுத்தணும்’ என்பான். அதை விளக்கவே அரை நாளைத் தின்றுவிடுவான். அண்ணனோ அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அத்தையின் உயிர் டீடெயிலில் இருந்தது. பெரிய வரைபடத்தில் வீடு தெரியும். டீடெயிலில்தான் வீட்டின் புத்தி தெரியும். சுவர் தரையைத் தொடுகிற இடம், கதவு படியில் உட்காருகிற இடம், இவற்றைக் கத்தியால் வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படிப் பெரிதாக்கி வரைவது அது. எந்த வீட்டிலும் தண்ணீர் நுழைவது இந்த இடங்களில்தான். செங்கல், பூச்சு, நீர் தடுக்கும் ஷீட், போல்ட் என்று ஒவ்வொன்றையும் அவளே வரைவாள். கான்கிரீட்டுக்குள் தெரிகிற ஜல்லியைக் கம்ப்யூட்டர் ஒரே தட்டில் நிரப்பித் தரும். அத்தை அதைத் தொடமாட்டாள். ஒவ்வொரு கல்லாக வரைவாள். அந்தக் கற்களில் ஒன்று மட்டும் வயிறு பெருத்த மீன் வடிவில் இருக்கும். இது என் கை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதற்காக அவள் போட்ட மீன் அது.

அந்த மீனைக் கண்டுபிடித்த ஒரே ஆள் பிஸ்கட். மூத்த டிராஃப்ட்ஸ்மேன். நாள் முழுக்க பிஸ்கட் தின்றுகொண்டே வரைவதால் அந்தப் பெயர். அவன் கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினால் ஒரு குடும்பத்துக்குக் காலைப் பலகாரம் ஆகும். வேலையில் சோம்பேறி, வம்பில் சுறுசுறுப்பு.

“மேடம், கான்கிரீட்டுக்குள்ள மீன் எப்படி வந்துச்சு?” என்று அவன் ஒருமுறை கேட்டான்.

“உன் வேலையப் பாரு” என்றாள்.

இன்னொரு முறை அவன் வேறொன்றும் கேட்டான். “மேடம், டீடெயில்ல எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னு ஒரு வார்த்தை எழுதிடுங்களேன். ஒவ்வொரு தடவையும் பிளானத் திறந்து தேட வேண்டியிருக்கு.”

அன்று அத்தை சிரித்த சிரிப்பில் ஆபீசே திரும்பிப் பார்த்தது.

“படியில வாட்டம் எந்தப் பக்கம் சரியுதோ அது வெளிய. தண்ணி போற பக்கம் தெரியாதவனுக்கு நான் எதுக்கு வரையணும்? இதுக்கு மேல வேணும்னா கதவுன்னு எழுதி அம்புக்குறி போடட்டுமா? பக்கத்துலயே நீ நிக்கற படம் ஒண்ணும் போடட்டுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். பிஸ்கட் காதுவரை சிவந்துபோய்த் தன் மேசைக்குப் போனான். அதற்குப் பிறகு அவளிடம் அவன் எதையும் கேட்டதில்லை. அத்தையும் எந்த டீடெயிலிலும் உள்ளே, வெளியே என்று எழுதியதில்லை. அப்படி எழுதுவது முட்டாள்களுக்குச் சோறு ஊட்டுவது என்பது அவள் கட்சி.

மாப்பிள்ளை வந்ததும் கண்ணாடி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். மாதக்கணக்கில் உள்ளே என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டுப் பெரிய திரையைப் போட்டான். திரையின் ஓரத்தில் ‘லைப்ரரி’ என்ற தலைப்பில் ஒரு பட்டியல்: சுவர், தரை, கூரை, கதவுப்படி. ஒவ்வொன்றுக்கும் கீழே குட்டிக் குட்டிப் படங்கள்.

“கதவுப்படி வேணுமா? ஒரு க்ளிக்” என்றான். முழு டீடெயிலும் கர்சரின் நுனியில் தொங்கிக்கொண்டு வந்தது. “வேணுங்கற எடத்துக்குக் கொண்டு வரோம். இன்னொரு க்ளிக்.” செங்கல், போல்ட், ஷீட், பூச்சு எல்லாம் குறிப்புகளோடு வந்து உட்கார்ந்தன. “முன்ன ஒரு நாள் வேலை. இப்ப மூச்சு விடற நேரம். இனி யாரும் எதையும் வரையவே வேண்டாம். எடுத்து வச்சா போதும்.”

கைதட்டினார்கள். பிஸ்கட்தான் பலமாகத் தட்டினான். வரையவே வேண்டாம் என்று சொன்னால் அவனைவிடச் சந்தோஷப்பட யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளை அத்தையின் பக்கம் திரும்பி மேலும் ஏதோ சொன்னான். அத்தை அப்போது பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பாப்பா, லைப்ரரில இருக்கறதெல்லாம் ஏற்கெனவே சரி பாத்ததுதானே? அதையே இன்னொரு தடவை எதுக்குப் பாக்கணும்?”

“ரெடிமேட் சட்டை வாங்கலாம்ணா. தப்பில்ல. மாட்டிக்கறவனுக்குக் கழுத்து எது, கை எதுன்னு தெரியணும்.”

“நீ எப்பவும் இப்படித்தான். உனக்கு யாரையும் பிடிக்காது.” அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான விஷயத்துக்கு முன்னால் எப்போதும் அதைச் செய்வார். “இப்ப வந்திருக்கற அடுக்குமாடி வேலை மட்டும் உன் டிக் இல்லாமப் போகட்டும். நல்லபடியா முடிஞ்சா, கடைசிப் பார்வைய மாப்பிள்ளைகிட்டக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீயும் எத்தனை வருஷம்தான் கண்ணக் கெடுத்துப்பே? வீட்ல இரு.”

வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு டிவி, பூட்டு. அத்தை எழுந்து வந்தாள். அந்த அடுக்குமாடி நாறிப்போக வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். அந்த லைப்ரரியை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. குப்பையைக் கிளறுவது தன் வேலை இல்லை என்று பிஸ்கட்டின் காதில் விழும்படி சொன்னாள்.

கட்டடம் எழும்பியபின் வந்த முதல் மழையிலேயே அவள் வேண்டுதல் பலித்தது.

அடுக்குமாடியின் பில்டர் போனில் கத்தியது அண்ணனின் அறைக்கு வெளியே கேட்டது. அண்ணன், மாப்பிள்ளை, அத்தை மூவரும் ஓடினார்கள். அத்தையை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அலங்கரித்து வைத்திருந்த மாதிரி வீடு அது. பால்கனிக் கதவிலிருந்து கூடத்தின் நடுவரை தண்ணீர். மரத்தரை பலகை பலகையாக உப்பி எழுந்திருந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவின் கால்கள் நனைந்து கறுத்திருந்தன. சுவரில் ‘உங்கள் கனவு இல்லம்’ என்று எழுதிய அட்டை ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது.

அத்தை நேராகப் பால்கனிக் கதவுக்குப் போனாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து, படிக்கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு மரியாதையாக வீட்டுக்குள் நடந்து வந்தது. வாட்டம் உள்பக்கமாகச் சரிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு இப்படி ஒரு ஆனந்தம் வந்ததில்லை. எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று இன்னொரு முறையும் ஊற்றினாள்.

“எல்லா மாடியிலயும் இதே மாதிரிதான் பதிச்சு முடிச்சிருக்கு” என்றார் பில்டர். அவர் குரலில் கத்துவதற்குத் தெம்பில்லை. “மேஸ்திரி ஒரு தடவை சந்தேகமாக் கேட்டானாம். சாஃப்ட்வேர்ல வந்தது, தப்பா வராதுன்னு உங்க மாப்பிள்ளை சொல்லிட்டாராம்.”

அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். மாப்பிள்ளை ஹெட்போனை நோண்டினான். அத்தை பேசினாள்.

“இத வரைஞ்ச ஆளுக்கு எது வீடு, எது வெளின்னே தெரியல. இந்த மாதிரி ஆள் பென்சிலத் தொடவே கூடாது. முதல்ல அந்த ஆள வெளிய அனுப்புங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.” சொல்லும்போது அவள் கண் மாப்பிள்ளையின் மூக்கின் மேலேயே இருந்தது.

“அம்மா சொல்றதுதான் சரி” என்றார் பில்டர். “உடைச்சு மாத்திக் குடுங்க. வரைஞ்சது யாருன்னு பாத்து அனுப்புங்க. அந்த ஆள் அங்க இருக்கறவரைக்கும் என் அடுத்த வேலை உங்ககிட்ட வராது.”

“அனுப்பிடறேன்” என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

“ஆனா நான் வரையல அத்தை” என்றான் மாப்பிள்ளை, பென்சில் திருடவில்லை என்று சாதிக்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி. “நான் எடுத்து வச்சேன், அவ்வளவுதான். கதவுப்படி ஏழு.”

அவன் அதைப் பெருமையாகவே சொன்னான். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பி வரும் வழியில் மாப்பிள்ளை மடிக்கணினியைத் திறந்து எதையோ தேடினான். “கிடைச்சிடுச்சு மாமா. கதவுப்படி ஏழு, அந்தப் படிப்பக வேலைல இருந்து எடுத்தது. மாடிக் கதவு. ஃபைல்ல பிஸ்கட் பேரு இருக்கு.”

“எந்தப் படிப்பகம்?” என்று கேட்டாள் அத்தை.

“நம்ம ஆபீஸ் பண்ணதுதான் அத்தை. லைப்ரரி முழுக்க நம்ம பழைய டிராயிங்ல இருந்து வெட்டி எடுத்ததுதானே? அன்னைக்கே உங்கள பாத்துச் சொன்னேனே.”

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வேலையின் பிளான்களை வரைந்தது பிஸ்கட். டீடெயில்களை வரைந்தது அவன் இல்லை. அவன் நாற்காலியிலிருந்து அவனை எழுப்பிவிட்டு, அவன் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து வரைந்த ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் அவள் தன் இடத்தில் உட்கார்ந்து லைப்ரரியை முதல்முறையாகத் திறந்தாள். கதவுப்படி. ஏழு. க்ளிக் செய்தாள். டீடெயில் கர்சரின் நுனியில் தொங்கியது. காலித் திரையில் வைத்துப் பெரிதாக்கினாள். செங்கல் வரிசை, ஷீட்டின் மடிப்பு, போல்ட். கான்கிரீட்டுக்குள் போனாள். ஜல்லிக்கு நடுவில், வயிறு பெருத்து, மீன் படுத்திருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். படியில் ஒரு தப்பும் இல்லை. படிப்பகத்தில் மொட்டைமாடி இடது பக்கம் இருந்தது. வாட்டம் இடது பக்கமாகச் சரிந்தது. இந்த அடுக்குமாடியில் பால்கனி வலது பக்கம். திருப்பி வைக்க வேண்டும். அந்தப் பிரகஸ்பதி திருப்பாமல் அப்படியே வைத்திருக்கிறான். இதைத் திரையில் போட்டுக் காட்டி அவன் மானத்தை வாங்கலாம் என்று எழுந்தவள், எழுந்தபடியே நின்றாள். டீடெயிலின் இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது. எது மாடி, எது கூடம் என்று ஒரு எழுத்து இல்லை. நகத்தின் கனத்துக்கு ஒரு வாட்டம். அது மட்டும்தான் சாட்சி. வெளியே என்ற ஒரு வார்த்தை இடது பக்கம் இருந்திருந்தால், அது பால்கனியை விட்டுவிட்டுக் கூடத்தின் நடுவில் போய் நின்றிருக்கும். அதை அந்த மாப்பிள்ளையே பார்த்திருப்பான்.

அன்று தான் சிரித்த சிரிப்பு அவள் காதில் கேட்டது. அவளுக்கு அவமானமாக இருந்தது.

அண்ணனின் அறைக்குள் பிஸ்கட் நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையில் பிரித்த பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது.

“உன் ஃபைல்ல இருந்து வந்திருக்கு” என்றார் அண்ணன். “பில்டர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நீ வேற எடம் பாத்துக்கோ.”

பிஸ்கட் திரும்பினான். வாசலில் வந்து நின்ற அத்தையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். அந்த மீனை முதலில் பார்த்தவனே அவன்தான். ஆனால் அத்தை இருக்கிற இடத்தில் வாயைத் திறந்து அவனுக்குப் பழக்கமில்லை.

இவன் போனால் ஆபீசுக்கு என்ன நஷ்டம், கொஞ்சம் எறும்பு குறையும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய மறுகணமே தன் மேலேயே அருவருப்பு வந்தது. மாப்பிள்ளையைப் பார்த்துக்கூட இத்தனை அருவருப்பு அவளுக்கு வந்ததில்லை.

“அது அவன் வரைஞ்சது இல்லண்ணா. நான் வரைஞ்சது.”

அண்ணன் நிமிர்ந்தார். “நீயா?”

“கல்லுக்கு நடுவுல மீன் இருக்கும். பெருசு பண்ணிப் பாருங்க. எல்லாத்துலயும் இருக்கும்.”

மாப்பிள்ளை மடிக்கணினியில் பெரிதாக்கினான். “அட, ஆமா மாமா, மீனு!” என்று ஆச்சரியப்பட்டான்.

“படம் சரிதான். உங்க மாப்பிள்ளை திருப்பாம வச்சிருக்கான்” என்றாள் அத்தை.

“எது உள்ளன்னு அதுல எழுதலையே அத்தை?” அவன் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

“நான் அப்பவே கேட்டேன்” என்றான் பிஸ்கட். சொல்லிவிட்டு, தைரியத்துக்கு ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டான்.

அண்ணன் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். “வரைஞ்ச ஆள வெளிய அனுப்பணும்னு பில்டர் முன்னாடி நீதானே சொன்ன? இப்ப நான் என்ன பண்ண, கூடப் பிறந்தவள அனுப்பவா? ஒண்ணு பண்ணு. இனிமே டிராயிங்ல உன் டிக் வேண்டாம். கடைசிப் பார்வை மாப்பிள்ளையோடது. பில்டருக்கும் அது பதிலாப் போகும். ஆனா லைப்ரரில இருக்கற ஒவ்வொண்ணுலயும் உள்ள, வெளிய எழுதியாகணும். எது எதுன்னு உன்னத் தவிர யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்து சொல்லு. அவன் எழுதிப்பான்.”

படத்தை எடுத்து வைக்கத் தெரியாதவனுக்குப் பதவி. வரைந்தவளுக்குத் துணை வேலை. வேறொரு நாளாக இருந்தால் அத்தை அந்த அறையையே எரித்திருப்பாள். அன்று சிவப்பு பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதன் பின்பக்கத்தால் காது குடைந்தான்.

மறுநாள் காலை கண்ணாடி அறைக்குள் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை சுழல் நாற்காலியில் சாய்ந்து, முதல் டீடெயிலைத் திறந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் முழுக்க வேலை செய்வது போல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தது. வாட்டம் வலது பக்கமாகச் சரிந்திருப்பது அறை வாசலில் நின்றவனுக்கே தெரியும்.

“இதுல உள்ள எது அத்தை?”

“இடது பக்கம்.”

அவன் இடது பக்கத்தில் ‘உள்ளே’ என்று அடித்தான். எழுத்துக் கூட்டி ஒருமுறை சரி பார்த்தான். கர்சரை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனான். அங்கே நிறுத்தினான். யோசித்தான். பிறகு அவளைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டான்.

“அப்போ வெளிய எது அத்தை?”

கண்ணாடிக்கு அப்பால் பிஸ்கட் மெல்லுவதை நிறுத்திவிட்டான். இத்தனை வருஷம் எத்தனையோ பேர்மேல் வாரி இறைத்த வார்த்தைகள் மொத்தமும் அத்தையின் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டின. அவள் மடியில் இருந்த இரண்டு கைகளையும் இறுகக் கோர்த்துக்கொண்டாள்.

“வலது பக்கம்” என்றாள்.